குறைந்த கட்டணத்தில் சிறப்புக் கல்வி பி.எட்.: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியராக வேண்டும் என்ற ஆசையோடு, கையைக் கடிக்காத கட்டணத்தில் பி.எட். தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆர்.சி.ஐ. என்பது சிறப்புக் கல்விப் படிப்புகளுக்கு அனுமதி தரும் இந்திய மறுவாழ்வு கவுன்சில்; ‘ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்றது’ என்று விளம்பரத்தில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிச் சேர்ந்துவிடாதீர்கள். என் தங்கை இரண்டாண்டுப் படிப்பை முடித்து, தேர்விலும் தேறிவிட்டாள். ஆனால் சிறப்பாசிரியர் வேலைக்கு அவளால் விண்ணப்பிக்கக்கூட முடியவில்லை.

அந்த நிறுவனத்திடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அனுமதி இருந்தது உண்மைதான். ஆனால் அது வேறோர் ஊரில் அவர்கள் நடத்தும் மையத்துக்கு, அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் பட்டயப் படிப்பு நடத்தக் கிடைத்த அனுமதி. அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவைத்துக்கொண்டு, கற்றல் குறைபாட்டுப் பிரிவில் பி.எட். என்று சொல்லி மாணவர்களைச் சேர்த்தார்கள். “எல்லாம் ஒரே அங்கீகாரம்தானம்மா, தைரியமாகச் சேருங்கள்” என்று அலுவலகத்தில் அடித்துச் சொன்னார்கள். அப்பட்டமான பொய். எந்த நிறுவனம், எந்தப் படிப்பு, எந்தக் குறைபாட்டுப் பிரிவு, எந்தக் கல்வியாண்டு வரை என்று தனித்தனியாகப் பார்த்துத்தான் கவுன்சில் அனுமதி தருகிறது.

1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, மைய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் சிறப்பாசிரியராகப் பணிபுரியலாம். மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கவும் அதில் இடமுண்டு. அனுமதி இல்லாத இடத்தில் படித்தவருக்குப் பதிவெண் கிடைக்காது. பதிவு கேட்டுத் தங்கை அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது.

கட்டணம் குறைவு என்றதும் பொய்தான். சேர்க்கையின்போது சிறிய தொகையைச் சொல்லிவிட்டு, பயிற்சிக் கட்டணம், ரெக்கார்டு கட்டணம், தேர்வு மையக் கட்டணம் என்று வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பாதிக்கு ரசீது இல்லை. கேட்டால், அவர்கள் வாங்கி வைத்திருந்த மூலச் சான்றிதழ்களைக் காட்டி மிரட்டல். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்ததும் திருப்பித் தரச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

எனக்கு ஆறவே ஆறாதது வேறு. இரண்டாண்டில் அவளை ஒரு குழந்தையின் முன்னால்கூட உட்கார வைக்கவில்லை. பள்ளிப் பயிற்சி என்ற பெயரில் பழைய மாணவர்களின் ரெக்கார்டு நோட்டைக் கொடுத்துப் பார்த்து எழுதச் சொன்னார்கள். எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற தனிநபர் கல்வித் திட்டத்தைப் பெற்றோரோடு உட்கார்ந்து எப்படி வகுப்பது என்பதெல்லாம் குழந்தைகளோடு பழகித்தான் வரும். இப்படிப் பயிற்சி பெற்றவரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோரை நினைத்தால் வயிறு எரிகிறது.

2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒருவர், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை 2022-இல் மத்திய அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. அதையே காட்டி, ‘வேலை உறுதி’ என்று இவர்கள் ஆள் பிடித்தார்கள்.

சேர்வதற்கு முன் கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலைத் திறந்து, நீங்கள் நேரில் போய்ப் படிக்கப்போகும் முகவரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். படிப்பின் பெயரும் குறைபாட்டுப் பிரிவும் ஆண்டும் பொருந்த வேண்டும். அங்கே படித்து முடித்தவர்களைத் தேடிப் பிடித்து, பதிவெண் கிடைத்ததா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் இதைவிட நம்பகமான சோதனை இல்லை. தொலைநிலைக் கல்வி என்றால், அந்தப் படிப்புக்குக் கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். தனியார் விளம்பரங்களுக்குப் போகும் முன், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும், மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் சேர்க்கை எப்போது என்று விசாரியுங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகு சான்றிதழ்கள் கைக்கு வந்துவிட்டன. பணம் இன்னும் வரவில்லை. இதே போல ஏமாந்தவர்கள் இருந்தால், கையில் இருக்கிற ரசீதுகள், பணம் அனுப்பிய வங்கி விவரம், விளம்பரத் தாள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, கவுன்சிலுக்கும் மதிப்பெண் பட்டியல் வழங்கிய பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள்.