கும்பகோணத்து வக்கீலும் அத்தையின் கல்யாண வருஷமும்

நியூ ஜெர்சியில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு வக்கீல்களின் முகங்கள் அத்துப்படி. விபத்தா, உடனே அழையுங்கள் என்று சாலையோரப் பதாகைகளில் பல் தெரியச் சிரிப்பார்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யலாம் என்று 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததன் விளைவு. அந்தப் பழக்கத்தில், பூர்வீக நிலத்தை விற்க ஊருக்குக் கிளம்புமுன் இணையத்தில் கும்பகோணத்து வக்கீல்களைத் தேடினேன். பெயர், முகவரி, படிப்பு, பதிவு எண், எந்த வகை வழக்கு. அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. வக்கீல்களை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 36ஆவது விதி விளம்பரத்தைத் தடுக்கிறது. 2008இல் இணையதளத்துக்கு இடம் கொடுத்தபோதும் இந்த விவரங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். முன்னாள் நீதிபதி என்றுகூடப் பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

மாமாவிடம் புலம்பினேன். "யாரிடம் ஜூனியராக இருந்தார் என்று விசாரி, போதும்" என்றார். விசாரித்துச் சொன்னவரும் அவரேதான்.

மாலை ஐந்துக்கு வரச் சொன்ன வக்கீல் ஏழரைக்கு வந்தார். அதுவரை குமாஸ்தா "ஐயா வருகிற நேரம்தான்" என்பதை மட்டும் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு நிமிடத்துக்கு இவ்வளவு என்று பில் போடும் அமெரிக்க வக்கீலைத் திட்டியிருக்கிறேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் தெய்வமாகத் தெரிந்தார்.

வந்தவர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் ஒரு பார்வை பார்த்து ஒதுக்கினார். அடியில் கிடந்த பழுப்பேறிய கூர்ச்சீட்டை, அதாவது குடும்பத்துக்குள் பாகம் பிரித்து எழுதிக்கொண்ட தாளை உருவி, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தார். பிறகு ஒரு பழைய வழக்குப் பட்டியல் தாளைத் திருப்பிப் போட்டு, கொள்ளுத்தாத்தாவில் தொடங்கிப் பென்சிலால் வம்சாவளி வரைந்தார். யார் இருக்கிறார், யார் எப்போது போனார் என்று ஒவ்வொரு பெயருக்கும் கேள்வி. அத்தை பெயரில் பென்சில் நின்றது.

"தம்பி, இந்த அம்மாளுக்கு எந்த வருஷம் கல்யாணம்?"

"1983 சார். நகை, சீர் எல்லாம் குறைவில்லாமல் செய்துதான் அனுப்பினார்கள்."

"சீர் சீர்தான், பங்கு பங்குதான்."

அவர் விளக்கியது இது. பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம், 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. அந்த மத்தியச் சட்டம் அமலுக்கு வந்த தேதியில் பெண்ணின் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் பேச்சு வேறு. எங்கள் கூர்ச்சீட்டோ பதிவே ஆகாதது. ஆகவே தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அத்தையிடமிருந்து பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாளைக்கே பதிந்துவிடலாம் என்று பத்திர எழுத்தர் சொல்லியிருந்தார், வாங்குபவரும் பணத்தோடு தயார், எனக்கோ லீவு முடிகிறது. வாங்குபவரே கேட்காததை நீங்கள் ஏன் கிளப்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் குரல் உயரவில்லை. "இன்றைக்குக் கேட்க மாட்டார். பின்னால் வங்கியில் கடனுக்குப் போகும்போது கேட்பார். நோட்டீஸ் நியூ ஜெர்சிக்குத்தான் வரும்." கூடவே, அத்தை வேறு வக்கீலைக் கலந்துகொள்ளட்டும், இரண்டு பக்கத்துக்கும் தான் பேசுவது முறையல்ல என்றார். எனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்திட நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும் என்பதையும் ஒரு சீட்டில் எழுதித் தந்தார்.

கட்டணத்தை மட்டும் எழுதவில்லை. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அமெரிக்காவில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் வக்கீல் கோப்பைத் திறக்க மாட்டார். இங்கே எவ்வளவு என்று தெரியாமலேயே என் மூலப்பத்திரம் அவர் அலமாரிக்குள் போய்விட்டது. அதற்கு ரசீது கேட்டதும் குமாஸ்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கட்டணம் கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை. விடுதலைப் பத்திர வரைவு மட்டும் சொன்ன தேதியில், அத்தையின் பெயரில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல் வந்துவிட்டது.