மக்காச்சோளத்துக்கு எது காவல்: பூச்சித்தூளா, மூன்றடுக்குச் சாக்கா, தகரக் குதிரா?

மத்திய அமெரிக்காவிலிருந்து 1970-களின் இறுதியில் தான்சானியாவுக்கு வந்திறங்கியது ஒரு வண்டு: பெருந்துளைப்பான். கென்ய உழவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஒசாமா’. சாதாச் சாக்கில் கட்டிவைத்த மக்காச்சோளத்தைச் சில மாதங்களில் மாவாக்கிவிடும்.

கைக்கு எளிதில் கிடைப்பது பூச்சித்தூள். ஆக்டெலிக் சூப்பர் என்றால் 90 கிலோ மூட்டைக்கு 50 கிராம். அதிலுள்ள பிரிமிபாஸ்-மெத்தில் (1.6%) இன்னொரு தானிய வண்டான கூன்வண்டைப் பார்த்துக்கொள்ளும், பெர்மெத்ரின் (0.3%) துளைப்பானுக்கு. கதிரை உதிர்த்துத் தார்ப்பாயில் கொட்டி, மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். சாக்கின் வாயில் மட்டும் தூவினால் அடிமூட்டை வண்டுக்குத்தான். சூடும் ஈரமும் வீரியத்தைக் குறைத்துவிடும். நாலைந்து மாதத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

மூன்றடுக்குச் சாக்கில் மருந்தே கிடையாது. 1980-களின் இறுதியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காகப் பர்டியூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது இது. உள்ளே 80 மைக்ரான் பாலித்தீன் பைகள் இரண்டு, வெளியே சாதாப் பிளாஸ்டிக் சாக்கு. உள்ளிருக்கும் வண்டுகளே மூச்சுவிட்டு ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். காற்று குறைந்தால் அவை தின்பதை நிறுத்தும். தின்னாவிட்டால் உடம்புக்கு நீர் ஊறாது, காய்ந்து சாகும். நிரப்பும்போது காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயில் ஒரு முழமாவது விட்டு, மூன்று அடுக்கையும் தனித்தனியே முறுக்கிக் கட்ட வேண்டும். கெடுவது பெரும்பாலும் ஓட்டையால்தான்: மணி உதிர்த்த கதிரின் தக்கைத் துண்டு குத்துவது, எலி கடிப்பது. வாரம் தவறாமல் அவிழ்த்து ஒரு படி அள்ளுவதும் ஓட்டைக்குச் சமம். ஒரு சாக்கைத் திறந்தால் அதையே தீர்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். ஐந்தாறு மூட்டை விளைகிற குடும்பத்துக்கு என் ஓட்டு இதற்கே.

எலித்தொல்லை மிகுந்த வீட்டில், டன் கணக்கில் வைப்பவருக்குத் தகரக் குதிர். துத்தநாகம் பூசிய தகட்டில் கொல்லர் செய்வது. பல வருஷம் உழைக்கும், முதல் செலவு கனம். பாதி நிரப்பினால் மேலே நிற்கும் காற்றே வண்டுக்குப் போதும். அதனால்தான் உள்ளே மெழுகுவத்தி ஏற்றி மூடி, விளிம்பில் ரப்பர் பட்டையைச் சுற்றி இறுக்குகிறார்கள். வெயிலில் நிறுத்தினால் இரவில் உட்சுவர் வியர்த்து, மேல் தானியம் பூஞ்சை பிடிக்கும்.

எதில் வைத்தாலும் ஈரம் 13.5%-க்குள் இருக்க வேண்டும். கிழக்குக் கென்யாவில் 2004-இல் ஈரத்தோடு வைத்த மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து, அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் என்ற விஷம் 317 பேரைத் தாக்கியது. 125 பேர் இறந்தார்கள். ஏறிய விஷத்தை இந்த மூன்றில் எதுவும் இறக்காது. ஈரமானி இல்லையென்றால் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு மக்காச்சோள மணி, இரண்டு மூன்று கரண்டி காய்ந்த உப்பு போட்டு ஒரு நிமிஷம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு சுவரில் ஒட்டினால் ஈரம் 15%-க்கு மேல். ஒட்டாவிட்டாலும் உடனே கட்டிவிடாதீர்கள், 14.5%-ஆகவும் இருக்கலாம், இன்னொரு நாள் வெயில் காட்டுங்கள்.