கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஒரே இணைப்பு: மூன்று வருட அனுபவம்

கீழே அப்பாவின் மருந்துக்கடை, மேலே எங்கள் வீடு. இரண்டுக்கும் ஒரே ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ். கடையில் பில் போடும் கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பொட்டி. மேலே போன்கள், டிவி, என் லேப்டாப். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் வைஃபை பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது. அந்தப் போன்கள் கடைக் கணக்கு இருக்கும் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

முதலில் கடைச் சாமான்களை மோடத்திலேயே இணைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு கேட்6 கேபிளை மாடிக்கு இழுத்து இன்னொரு ரவுட்டரின் வான் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து நெட் வாங்கும் துளையில், செருகினேன். இரண்டுக்கும் 192.168.1.1 என்ற அதே முகவரி இருந்ததால் மேலே நெட் வரவில்லை. மாடி ரவுட்டரை 192.168.20.1 என்று மாற்றியதும் சரியானது. வைஃபை பெயர் வேறு, முகவரி வரிசை வேறு. பிரிந்துவிட்டது என்றே ஒன்றரை வருடம் நம்பினேன்.

ஒரு நாள் மாடியில் உட்கார்ந்து போன் பிரவுசரில் டிவிஆரின் முகவரியை அடித்துப் பார்த்தேன். லாகின் பக்கம் அப்படியே திறந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் எளிது. மாடி ரவுட்டரைப் பொறுத்தவரை கடை நெட்வொர்க்கும் 'வெளி'தான். வெளியிலிருந்து தானாக உள்ளே வருவதைத் தடுக்கும். உள்ளேயிருந்து வெளியே போவதைத் தடுக்காது. பூட்டு வீட்டுக்கு விழுந்திருந்தது, கடை திறந்து கிடந்தது.

அப்புறம் கடைக்கும் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கினேன். மோடத்தில் உள் இணைப்புகளுக்கு இருக்கும் இரண்டு லேன் (LAN) போர்ட்டிலிருந்து இரண்டு ரவுட்டர்களின் வான் போர்ட்டுக்கும் ஆளுக்கொரு கேபிள். கடை வரிசை 192.168.10.1. மோடத்தின் வைஃபையை அணைத்துவிட்டேன்; அதில் நேரடியாக வேறு எதையும் மாட்டுவதில்லை. இப்போது மேலிருந்து கடைச் சாமான்களின் முகவரியை அடித்தால் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது. நீங்களும் பிரித்து முடித்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் இப்படி அடித்துப் பாருங்கள்.

விலான் (VLAN) வசதி, அதாவது ஒரே பொட்டிக்குள் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் வசதி, உள்ள ஒரே ரவுட்டரில் இதை இன்னும் சுத்தமாகச் செய்யலாம். ஆனால் நான் ஊரில் இல்லாதபோது சமாளிக்க வேண்டியது அப்பா. கடை ரவுட்டரில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். "அப்பா, சிவப்பு டேப் போட்ட பொட்டியை மட்டும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றால் வேலை முடிந்தது.

குறையும் உண்டு. உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றி அனுப்பும் வேலை (NAT) ரவுட்டரில் ஒரு தடவை, மோடத்தில் ஒரு தடவை என்று இரண்டு முறை நடப்பதால் தம்பி விளையாடும் ஆன்லைன் கேமில் சில நேரம் நண்பர்களோடு சேர முடியவில்லை. டிவிஆரை ஆப் வழியாகப் பார்ப்பதில் மட்டும் ஒரு சிக்கலும் இல்லை.

இன்னொரு தொல்லை வேகம். சாயங்காலம் கடையில் கூட்டம் நிற்கும்போது மேலே யாருடைய போனாவது போட்டோக்களை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால், கீழே பணம் வந்த அறிவிப்புக்கூடத் தாமதமாகும். அப்லோட் பாதை அடைத்துக்கொள்வதுதான் காரணம். மாடி ரவுட்டரில் டவுன்லோட், அப்லோட் இரண்டுக்கும் 60 எம்பிபிஎஸ் வரம்பு வைத்தேன். அதோடு அந்தப் புகார் நின்றது.

மின்சாரம் போனால் மூன்று பொட்டியும் ஓட வேண்டும். மோடத்துக்கு 12 வோல்ட், கடை ரவுட்டருக்கு 9 வோல்ட் என்பதால் இரண்டு அளவும் தரும் மினி யுபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்கினேன். அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் மாற்றிச் செருகாதீர்கள். மாடி ரவுட்டர் வீட்டு இன்வர்ட்டரிலேயே ஓடுகிறது.