ராசி வேட்டி: நாலு முழக் கறுப்புக் காட்டன் எப்படி?

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்காக ஜவுளிக்கடை வாசலிலேயே கறுப்பு வேட்டியை அடுக்கிவிடுவார்கள். 200 ரூபாய்ப் பக்கத்தில் கிடைக்கும் இந்தத் துணிக்கு வழியில் கிடைக்கும் மரியாதை பட்டு வேட்டிக்கும் கிடைக்காது. மாலை போட்டு இதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டரே "சாமி, உள்ள வாங்க, இடம் இருக்கு" என்பார். கம்பம், குமுளி, செங்கோட்டை வழியில் அன்னதானப் பந்தல்காரர்கள் "சாமி சரணம், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கையைப் பிடிப்பார்கள். ஊரும் பேரும் கேட்பதில்லை. ஏழு வயசுப் பையனும் சாமி, எழுபது வயசுப் பெரியவரும் சாமி. சன்னிதானத்தில் எழுதியிருக்கும் 'தத்வமஸி' ('நீயே அது') ரோட்டோரத்துக்கு வரும்போது இப்படித்தான் இருக்கும்.

கன்னிச்சாமியாகக் கட்டிய முதல் வேட்டியை ராசி என்று எடுத்துவைத்து வருஷா வருஷம் கட்டுபவர்கள் நிறைய. அதற்குத் தாங்குகிற துணியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நடந்து போக நாலு முழம் போதும், சுமார் 2 மீட்டர். எட்டு முழம் பம்பையில் நனைந்தால் கனக்கும், மார்கழிக் குளிரில் காயவே காயாது. இரண்டு செட் வாங்குங்கள். பாலியெஸ்டர் கலந்தது சீக்கிரம் காயும், வெளுக்காது. ஆனால் இடுப்பில் நிற்காமல் வழுக்கும். சன்னிதானத்தில் தேங்காய் எரியும் ஆழி பக்கம் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். காட்டனே நல்லது. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒட்டிக்கோ வேட்டி வசதி. அதிலும் ஒட்டும் பட்டையில் நூலும் சேறும் அடைந்தால் பிடிப்பு போய்விடும். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும்.

பெரிய குறை சாயம். கடையிலேயே ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைப் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டை கரிபோல ஆனால் அந்த வேட்டியை ஒதுக்கிவிடலாம். லேசாகச் சாம்பல் நிறம் படிந்தால் பரவாயில்லை. கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயப்பட்டறையில் சரியாக அலசாமல் மிஞ்சிய சாயம் அது, உப்புக்குக் கட்டுப்படாது. தண்ணீர் தெளிகிறவரை மூன்று நாலு முறை தனியாக அலசுவதுதான் வழி. நிழலில் காயப்போடுங்கள்; வெயில் பட்டால் கறுப்பு செம்பட்டையாகும்.

போன வருஷ வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறும்போது மடிப்பு வாட்டத்திலேயே 'பர்ர்' என்று கிழியும். பூச்சி அரித்தது என்று நினைப்பார்கள். விலை மலிந்த கறுப்புத் துணியில் பெரும்பாலும் இருப்பது கந்தகச் சாயம். ஈரக்காற்று பட்டுக் கிடந்தால் அதில் மெல்ல அமிலம் உண்டாகி நூலைத் தின்றுவிடும். மாலை கழற்றியதும் சலவைச் சோடா கொஞ்சம் கரைத்த தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்து, மடிப்பை மாற்றி மாற்றி வையுங்கள்.

இன்னொரு ஆபத்து இருட்டு. பாதயாத்திரையில் ராத்திரி லாரிக்காரர் கண்ணுக்குக் கறுப்பு தெரியவே தெரியாது. முதுகிலும் இருமுடிப் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், தோளில் வெள்ளைத் துண்டு போடுங்கள்.

பம்பையில் வேட்டியை விட்டுவிட்டு வருவது சடங்கே அல்ல. அதற்குத் தடையும் இருக்கிறது. ஈர வேட்டிக்கென்று ஒரு கெட்டியான துணிப்பையை ஊரிலிருந்தே எடுத்துப்போய், நன்றாகப் பிழிந்து, அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.