ரெஸ்க்யூ டைவர் பயிற்சி: பாடியா, எஸ்.எஸ்.ஐ-யா?

ஸ்கூபா டைவிங்கின் முதல் சான்றான ஓப்பன் வாட்டர் கார்டு கைக்கு வந்த சூட்டோடு, ஆபத்தில் சிக்கிய டைவரைக் காப்பாற்றும் ரெஸ்க்யூ பயிற்சியை எதில் படிப்பது என்று பலரும் கேட்கிறார்கள். அந்தமானின் ஹேவ்லாக்கிலும் சரி, தாய்லாந்தின் கோ தாவிலும் சரி, டைவ் சென்டர் வாசலில் பெரும்பாலும் கண்ணில் படுவது இந்த இரண்டு பயிற்சி நிறுவனங்களின் பெயர்கள்தான்: 1966-இல் தொடங்கிய பாடி, 1970-இல் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ.

நுழைவதில்தான் பெரிய வேறுபாடு. எஸ்.எஸ்.ஐ-யின் 'ஸ்ட்ரெஸ் அண்ட் ரெஸ்க்யூ' வகுப்பில் ஓப்பன் வாட்டர் முடித்த கையோடு சேரலாம். பாடி அப்படி விடாது. ஓப்பன் வாட்டருக்கு அடுத்த படியான அட்வென்ச்சர் டைவர் ஆகியிருக்க வேண்டும், அதில் நீருக்கடியில் திசையறியும் டைவ் முடித்திருக்க வேண்டும், முதலுதவியும் சி.பி.ஆரும் (மார்பை அழுத்தி உயிர் காக்கும் முறை) படித்து 24 மாதம் தாண்டியிருக்கக் கூடாது. 12 வயதிலேயே இரண்டிலும் சேரலாம்.

இதனால் பாடியில் நாளும் பணமும் கூடுதலாகத்தான் போகும். ஆனாலும் என் ஓட்டு பாடிக்கே. காரணம், காணாமல் போன டைவரைத் தேடும் பயிற்சி. திசையறியும் டைவில் காம்பஸ் பழகிவிட்டு வந்தால்தான் அது கைகூடும். காம்பஸைப் பிடித்தபடி, ஃபின் (கால் துடுப்பு) உதைகளை எண்ணிக்கொண்டு போய், 90 பாகை திரும்பி, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி 90 திரும்பி வர வேண்டும். புதுச்சேரியில் தண்ணீர் கலங்கியிருந்த ஒரு நாள், காம்பஸ் பழகாத என் கூட்டாளி ஒரே பாறையை மூன்று முறை சுற்றி வந்தார். ஒவ்வொரு முறையும் புது இடம் என்றே நினைத்திருந்தார். நிஜமாகவே ஒருவர் கீழே கிடந்திருந்தால்?

எஸ்.எஸ்.ஐ-யிடம் எனக்குப் பிடித்தது, பெயரிலேயே 'ஸ்ட்ரெஸ்' இருப்பது. படகில் ஓயாமல் பேசுகிறவர், திடீரென்று வாயே திறக்காதவர், மாஸ்க் பட்டையைப் பத்தாவது முறை சரிசெய்கிறவர்: இவர்களைத் தண்ணீரில் இறங்குமுன்பே கவனிக்கச் சொல்கிறது. பாடியும் இதைச் சொல்லித்தருகிறது.

கடலில் செய்யும் வேலை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பீதியடைந்தவர் மூச்சிழுக்க வாயில் வைத்திருக்கும் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு, மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்கள் அகன்று கிடப்பார். நேரே போய்ப் பிடித்தால் உங்கள் தலைமேல் ஏறிவிடுவார். கைக்கெட்டாத தூரத்தில் நின்று, உங்கள் பி.சி.டி-யில் (மிதக்க உதவும் ஜாக்கெட்) காற்றை நிரப்பி, அவரையும் நிரப்பச் சொல்ல வேண்டும். மூச்சு நின்றவரென்றால் 5 விநாடிக்கு ஒரு மூச்சு ஊதிக்கொண்டே இழுத்து வர வேண்டும். இடையிடையே இருவரின் கருவிகளையும் கழற்ற வேண்டும். உடம்பு அசந்துபோகும்.

பின்னால் மற்ற டைவர்களை வழிநடத்தும் டைவ்மாஸ்டர் ஆக நினைப்பவர்கள் பயப்பட வேண்டாம். எஸ்.எஸ்.ஐ ரெஸ்க்யூ கார்டோடும் பாடி டைவ்மாஸ்டர் பயிற்சிக்குப் போகலாம், முதலுதவிச் சான்று காலாவதியாகாமல் இருந்தால். ஓப்பன் வாட்டரோடு எஸ்.எஸ்.ஐ-யில் சேருகிறீர்கள் என்றால், காம்பஸ் டைவ் ஒன்றை முதலில் முடித்துவிடுங்கள்.

எதில் சேர்ந்தாலும் முன்பணம் கட்டும் முன் சென்டரில் கேளுங்கள்: மயங்கியவரைத் தூக்கும் பயிற்சி கடலிலா, நீச்சல் குளத்தோடு சரியா? படகில் ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே இருக்கிறது? காட்டத் தயங்கினால் அடுத்த சென்டருக்கு நடையைக் கட்டுங்கள்.