ஒரே கடல், இரண்டு கட்டண முறைகள்: பிரிட்டனும் கனடாவும்

வட அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானம் மேற்கு நோக்கி 30 பாகை தீர்க்கரேகையைத் தாண்டும்போது, அதை வழிநடத்தும் பொறுப்பு பிரிட்டனின் நாட்ஸ் நிறுவனத்திடமிருந்து நாவ் கனடாவுக்குக் கைமாறுகிறது. முதுநிலை ஆய்வேட்டுக்காக இச்சேவைக்காக இவ்விரண்டும் விமான நிறுவனங்களிடம் வசூலிக்கும் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் முறைகளில் எது மேல் என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தபோது நான் கனடாவின் பக்கம் நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

இரண்டும் ஏகபோகங்களே. பிரிட்டனில் விமானப் போக்குவரத்து ஆணையம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்கிறது. அதற்குள் செலவைக் குறைத்தால் மிச்சம் நிறுவனத்துக்கு. கனடாவில், 1996-இல் 150 கோடி கனடிய டாலருக்கு அரசிடமிருந்து இச்சேவையை வாங்கிய, பங்குதாரர்களே இல்லாத இலாப நோக்கற்ற அமைப்பு, சட்டம் வகுத்த நெறிகளுக்கு உட்பட்டுத் தானே கட்டணத்தை நிர்ணயிக்கிறது; விமான நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், அரசு ஆகியவற்றின் சார்பில் வருபவர்கள் அதன் இயக்குநர் குழுவில் இருக்கிறார்கள்.

போக்குவரத்து சரிந்தால் சுமை யார் தலையில் விழும் என்ற கேள்விதான் என் முடிவைத் தீர்மானித்தது. வானில் விமானங்கள் பாதியானாலும் ரேடார்களும் கட்டுப்பாட்டு மையங்களும் பாதியாவதில்லை. கட்டுப்பாட்டாளர் ஒருவரை உருவாக்கவோ ஆண்டுகள் பிடிக்கும். 2001-இல் பெருங்கடனோடு பகுதித் தனியார்மயமான நாட்ஸ், சில மாதங்களிலேயே செப்டம்பர் 11 தாக்குதலால் அட்லாண்டிக் வருவாயை இழந்தபோது, உச்சவரம்பு அதற்கு மூச்சுவிட இடம் தரவில்லை. 2003-இல் அரசும் விமான நிலைய நிறுவனமான பி.ஏ.ஏ.வும் தலா 6.5 கோடி பவுண்டு செலுத்த, ஆணையமும் வரம்பைத் தளர்த்திய பிறகே அது நிமிர்ந்தது. போக்குவரத்து குறையும் அபாயத்தை, கட்டணம் செலுத்தும் விமான நிறுவனங்களும் பகிரும் ஏற்பாடு பிறகு சேர்க்கப்பட்டது. அதாவது, பிரிட்டன் முறையே கனடாவை நோக்கி நகர்ந்தது.

கனடாவின் பலவீனமும் சிறிதன்று. 2020 செப்டம்பரில், விமான நிறுவனங்கள் நொடிந்திருந்த வேளையில், கட்டணம் சராசரியாக 29.5 சதவீதம் உயர்ந்தது, ஆட்குறைப்பும் தவிர்க்கப்படவில்லை. ஆயினும் அங்கே ஈவுத்தொகை கேட்போர் இல்லாததால், நல்ல ஆண்டுகளின் உபரி பின்னாளைய கட்டணத்துக்கே திரும்புகிறது. செயற்கைக்கோள் வழிக் கண்காணிப்புக்கான ஏரியான் நிறுவனத்தில் நாவ் கனடா 2012-இலேயே முதலிட்டது; நாட்ஸ் 2018-இல்தான் பங்கு வாங்கியது. நீண்டகால முதலீட்டை உச்சவரம்பின் குறுகிய சுற்றுக்குள் நியாயப்படுத்துவது கடினம் என்பதே இதில் நான் காண்பது.

ஒரே விமான நிறுவனம் கோலோச்சும் சிறு நாட்டுக்குக் கனடாவின் முறையைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு. இயக்குநர் குழுவில் அந்நிறுவனத்தின் குரலே ஓங்கும். அங்கே வெளியிலிருந்து கணக்குக் கேட்கும் ஆணையமே எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது.