ஜாவா 21: ரெக்கார்ட், சீல்ட் எல்லாம் யூஸ் பண்ணி பாத்தாச்சு

8ல இருந்து 21க்கு மாறி ஆறு மாசம் ஆச்சு, ரெக்கார்ட் (டேட்டாவ மட்டும் வச்சுக்கற கிளாஸ், வழக்கமான கோடை ஜாவாவே எழுதிக்கும்) ஒண்ணுக்காகவே மாறலாம்ங்க. எங்க பில்லிங் ஆப்ல பில் ஐட்டம்னு ஒரு கிளாஸ், பேர், விலை, எண்ணிக்கை மூணே விஷயம், அதுக்கு கன்ஸ்ட்ரக்டர், கெட்டர், ஈக்வல்ஸ், ஹேஷ்கோட்னு 60 லைன் கிடந்துச்சு, இப்ப ஒரே லைன். ஆனா உள்ள லிஸ்ட் வச்சீங்கன்னா அதை வெளியில இருந்து மாத்த முடியும், ரெக்கார்ட் தடுக்காது, காப்பி எடுத்து வைங்க, நான் இதுல ரெண்டு நாள் மண்டைய உடைச்சிக்கிட்டேன். ஹைபர்னேட் என்டிட்டிக்கும் (டேட்டாபேஸ் டேபிளோட இணைக்கற கிளாஸ்) ஆகாது, அங்க சாதா கிளாஸ் தான்.

சீல்ட் இன்டர்ஃபேஸ் தான் ரொம்ப பிடிச்சது, எந்தெந்த கிளாஸ் அதை இம்ப்ளிமென்ட் பண்ணலாம்னு நாமளே முன்கூட்டி சொல்லி வச்சிடலாம். கேஷ், கார்டு, யூபிஐ மூணையும் பேமெண்ட்டுக்குள்ள பூட்டி வச்சிருந்தோம், போன வாரம் வாலட் சேத்தப்ப எந்தெந்த ஸ்விட்ச்ல விட்டுப்போச்சுன்னு கம்பைலரே காட்டிருச்சு (ஸ்விட்ச்ல 'மத்ததெல்லாம்'னு பிடிக்கற டீஃபால்ட் கேஸ் போடாம எழுதணும்), முன்னாடின்னா கஸ்டமர் போன் பண்ணி திட்டினா தான் தெரியும்.

அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் எங்க கோடுல ஒண்ணு தான் மிச்சம், பிரிண்டர் கனெக்‌ஷனை எல்லா சப்கிளாஸும் பகிர்ந்துக்கற இடத்துல. மத்ததுக்கு இன்டர்ஃபேஸே போதும், இன்டர்ஃபேஸ்குள்ளயே கோடு எழுதற டீஃபால்ட் மெத்தட் தான் 8லயே வந்துருச்சே.